ஆர்க்கைவாப்டெரிக்ஸ்: போஸ்ட்கிரெஸ் மேல் நிற்கும் மெயில் சர்வர், டேட்டாபேஸ் கண்ணோடு ஒரு மதிப்புரை

மெயில் சர்வர் தேடுகிறவர்கள் பலரும் முதலில் பார்ப்பது ஸ்பாம் வடிகட்டல், வெப்மெயில், நிறுவுவது எவ்வளவு சுலபம் என்பவற்றை. எனக்குப் பல வருடமாக டேட்டாபேஸ்தான் வேலை. அதனால் நான் வேறு இரண்டு கேள்விகளோடு உள்ளே போவேன். "மெயிலை வாங்கிக்கொண்டேன்" என்று சர்வர் சொல்வது கமிட்டுக்கு (டேட்டாபேஸ் எழுதியதை நிரந்தரமாக்கும் கணம்) முன்னாலா, பின்னாலா? மெயில்பாக்ஸில் அந்த மெயிலுக்கு எண் எப்போது விழுகிறது, அந்த நேரத்தில் எது பூட்டியிருக்கிறது? இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்ற குறைகளைச் சமாளித்துக்கொள்ளலாம். இவை தப்பாக இருந்தால் எவ்வளவு அழகான நிர்வாகத் திரை இருந்தும் பயன் இல்லை.

ஆர்க்கைவாப்டெரிக்ஸ் சி பிளஸ் பிளஸில் எழுதிய ஓப்பன் சோர்ஸ் சர்வர். மெயில் படிக்க ஐமேப், பாப், மெயிலை உள்ளே வாங்க எல்எம்டிபி, மெயிலைப் பிரித்து வைக்கும் விதிகளுக்குச் சீவ் எல்லாம் உண்டு. பொதுவாக அதற்கு முன்னால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரை வைப்பார்கள். வெளியிலிருந்து வரும் மெயிலை அது வாங்கி எல்எம்டிபி வழியாக உள்ளே தள்ளும். மெயில்கள் முழுக்கப் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் டேபிள்களில்தான் இருக்கும். ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று வைக்கும் மெயில்டிர் மாதிரி கோப்புகள் கிடையாது. நிர்வாகக் கட்டளையின் பெயர் ஏஓஎக்ஸ் என்பதால் இனி சர்வரையும் அப்படியே சொல்கிறேன்.

டேட்டாபேஸில் மெயிலை வைக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் பல மென்பொருள்கள், மெயிலை அப்படியே ஒரு பெரிய பிளாப் (உடைக்காத பைட் மூட்டை) ஆக்கி ஒரு டேபிளில் தள்ளிவிடும். அப்படிச் செய்தால் டேட்டாபேஸ் வெறும் கிடங்குதான். ஏஓஎக்ஸ் மெயிலை உடைத்து வைக்கிறது. மெயிலின் பகுதிகள் 'பாடிபார்ட்ஸ்' டேபிளில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை) போட்டு இருக்கும். ஒரே இணைப்புக் கோப்பு நூறு பேருக்குப் போனாலும் அங்கே ஒரே ஒரு ரோ (டேபிளின் ஒரு பதிவு). தலைப்பு வரிகள் 'ஹெடர் ஃபீல்ட்ஸ்' டேபிளில். ஃப்ரம், டூ, சிசி முகவரிகள் 'அட்ரஸஸ்' டேபிளில் ஒரு முறை மட்டும் பதிவாகி, எந்த மெயிலின் எந்த வரியில் எந்த முகவரி என்பது 'அட்ரஸ் ஃபீல்ட்ஸ்' டேபிளில் இருக்கும். எந்த மெயில்பாக்ஸில் எந்த மெயில் என்பதைச் சொல்வது 'மெயில்பாக்ஸ் மெசேஜஸ்' என்ற ஒல்லியான டேபிள்: மெயில்பாக்ஸ், யூஐடி (மெயில்பாக்ஸுக்குள் மெயிலின் எண்), மெசேஜ், மாட்சீக் (மாற்றங்களைப் பின்தொடரும் எண்), படித்ததா, நீக்கியதா என்ற இரண்டு கொடிகள். பெரிய கோப்புகள் உள்ள ஒரு மெயிலை வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்தால் இந்த டேபிளில் ஒரு ரோ கூடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது யூஐடிக்கு வருகிறேன். இந்தச் சர்வரை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஐமேப் நெறிமுறை, 2003இல் வந்த ஆர்எஃப்சி 3501 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறை ஆவணம்) ஆனாலும் 2021இல் வந்த ஆர்எஃப்சி 9051 ஆனாலும், ஒரு மெயில்பாக்ஸுக்குள் யூஐடி ஏறிக்கொண்டே போக வேண்டும் என்கிறது. கேட்கச் சின்ன விதியாகத்தான் தெரியும். டேட்டாபேஸ் பழக்கம் உள்ள யாரும் உடனே "ஒரு சீக்வென்ஸ் வைத்தால் போதுமே" என்பார்கள். சீக்வென்ஸ் என்பது கேட்கும்போதெல்லாம் அடுத்த எண்ணைத் தரும் டேட்டாபேஸ் வசதி. அங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு மெயில் வருகிறது. முதல் டிரான்சாக்ஷன் (ஒன்றாக நடந்து முடியும் டேட்டாபேஸ் வேலைகளின் தொகுப்பு) சீக்வென்ஸில் 101 வாங்குகிறது, இரண்டாவது 102 வாங்குகிறது. முதல் மெயிலில் பெரிய இணைப்பு, எழுதி முடிக்க நேரம் ஆகிறது. 102 முந்திக்கொண்டு கமிட் ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியில் போனில் உள்ள மெயில் ஆப் வந்து பார்க்கிறது: 102 இருக்கிறது, 101 இல்லை. சரி, 102 வரை பார்த்தாயிற்று என்று குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை அது கேட்பது 103லிருந்து மேலே. 101 அப்புறம் கமிட் ஆகி டேட்டாபேஸில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். புதிய எண்களை மட்டும் கேட்கும் அந்தப் போனுக்கு அது வராது.

இதை நான் வேறொரு சர்வரில் நேரில் பார்த்திருக்கிறேன். வெப்மெயிலில் தெரிகிற ஒரு மெயில் போனில் தெரியவில்லை என்று ஒருவர் புகார் சொன்னார். லாகில் எந்தப் பிழையும் இல்லை. மெயில் வந்த நேரம் சரி, அனுப்பியவருக்குப் போன பதில் சரி, டேபிளில் ரோ இருக்கிறது. கடைசியில் கமிட் ஆன நேரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் எண் வரிசையும் கமிட் வரிசையும் வேறு வேறு என்று தெரிந்தது. எந்த எச்சரிக்கையும் எழாமல் ஒரு மெயில் ஒருவர் கண்ணில் படாமலே போகும் என்பது எனக்கு மிகவும் கோபம் வரவழைத்த விஷயம். அதற்குப் பிறகு எந்த மெயில் சர்வரின் மூலநிரலைத் திறந்தாலும் யூஐடி கொடுக்கும் இடத்தைத்தான் முதலில் தேடுகிறேன்.

ஏஓஎக்ஸ் இதற்குச் சீக்வென்ஸ் பயன்படுத்துவதில்லை. 'மெயில்பாக்ஸஸ்' டேபிளில் ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் உள்ள ரோவில் 'யூஐடிநெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்மாட்சீக்' இரண்டும் இருக்கின்றன. மெயில் உள்ளே வரும் டிரான்சாக்ஷன் அந்த ரோவை 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டு, அதாவது பூட்டி, எடுக்கிறது; எண்ணை எடுத்துக்கொண்டு, ஒன்று கூட்டி எழுதி, கமிட் ஆகும் வரை பூட்டைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த டிரான்சாக்ஷன் அதே மெயில்பாக்ஸுக்கு என்றால் காத்திருக்க வேண்டியதுதான். எண் வாங்கிய வரிசையும் கமிட் ஆன வரிசையும் பிசகவே முடியாது.

பூட்டு என்றதும் வேகம் போய்விடுமே என்ற கவலை வரும். அந்தக் கவலைக்கு விடை நிரலின் வரிசையில் இருக்கிறது. புதிய முகவரிகளைச் சேர்ப்பது, மெயிலின் பகுதிகளை எழுதுவது போன்ற கனமான வேலைகள் முதலில் முடிகின்றன. 'மெசேஜஸ்' டேபிளுக்கான உள் ஐடி மட்டும் சீக்வென்ஸில் வருகிறது. அதை எந்த மெயில் ஆப்பும் பார்ப்பதில்லை, இடையில் ஓட்டை விழுந்தாலும் வரிசை மாறினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் மெயில்பாக்ஸ் ரோவைப் பூட்டுகிறது. ஒரே மெயில் பல மெயில்பாக்ஸுக்குப் போகிறது என்றால் அந்த ரோக்களை ஐடி வரிசைப்படி பூட்டுகிறது. இல்லையென்றால் ஒன்று 'அ'வைப் பிடித்துக்கொண்டு 'ஆ'வுக்கும், மற்றொன்று 'ஆ'வைப் பிடித்துக்கொண்டு 'அ'வுக்கும் காத்திருந்து டெட்லாக் ஆகிவிடும். எது எங்கே பொதுவாக வெளியே தெரியும், எது தெரியாது என்று யோசித்து எழுதிய கை இது.

படித்ததை நம்பி விடாமல் ஒரு சோதனை செய்து பார்த்தேன். போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பீஎஸ்கியூஎல்லில் ஒரு டிரான்சாக்ஷன் தொடங்கி, ஒரு சோதனை மெயில்பாக்ஸின் ரோவை 'ஃபார் அப்டேட்' போட்டுப் பிடித்து வைத்தேன். அப்புறம் அந்த மெயில்பாக்ஸுக்கு எல்எம்டிபியில் கையாலேயே ஒரு மெயில் தட்டினேன். டேட்டா முடிந்ததற்கான தனிப் புள்ளியை அனுப்பியதும் சர்வர் பதில் சொல்லாமல் நின்றது. போஸ்ட்கிரெஸின் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'யில் பார்த்தால் ஏஓஎக்ஸின் ஒரு டேட்டாபேஸ் இணைப்பு பூட்டுக்காகக் காத்திருக்கிறது; அதன் குவெரி மெயில்பாக்ஸ் ரோவைக் கேட்பது. இன்னொரு விண்டோவிலிருந்து வேறு மெயில்பாக்ஸுக்கு அனுப்பிய மெயில் தடையில்லாமல் போய்ச் சேர்ந்தது. நான் ரோல்பேக் கொடுத்துப் பூட்டை விட்ட உடனே முதல் விண்டோவில் 250 (வாங்கிக்கொண்டேன் என்ற பதில்) வந்தது. கமிட் ஆவதற்கு முன் 250 வரவில்லை. எனக்குத் தேவையாக இருந்த இரண்டு பதில்களும் அந்த ஒரே சோதனையில் கிடைத்துவிட்டன.

அந்த 250 பற்றி இன்னும் கொஞ்சம். மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியில் 250 என்று சொல்லிவிட்டால் அந்த மெயிலுக்கு இனி நான் பொறுப்பு என்று அர்த்தம். சொன்ன பிறகு மின்சாரம் போய் மெயில் காணாமல் போனால் அனுப்பியவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவருடைய சர்வர் தன் வரிசையிலிருந்து அதை அழித்துவிட்டது. ஆகவே கமிட், அதுவும் டிஸ்கில் விழுந்த கமிட், அதற்குப் பிறகுதான் 250. இங்கே ஒரு எச்சரிக்கை: வேகத்துக்காகப் போஸ்ட்கிரெஸில் 'சிங்க்ரனஸ் கமிட்' அமைப்பை அணைக்கும்படி பல வழிகாட்டிகள் சொல்லும். அணைத்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போகாது என்பது உண்மைதான். ஆனால் கடைசியாகக் கமிட் ஆனதாகச் சொல்லப்பட்ட சில டிரான்சாக்ஷன்கள் இயந்திரம் விழுந்தால் போய்விடும். மெயில் வாங்கும் சர்வரில் அதற்குப் பெயர் மெயில் இழப்பு. எழுதும் வேகம் போதவில்லை என்றால் நல்ல டிஸ்க் போடுங்கள், இதைத் தொடாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. கமிட் ஆகிவிட்டது, 250 போய்ச் சேருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது என்றால் அனுப்பியவர் மறுபடியும் அனுப்புவார், மெயில் இரண்டாகும். 1988இலேயே ஆர்எஃப்சி 1047 இந்தப் பிரச்சினையை எடுத்துப் பேசியிருக்கிறது. இதை முழுமையாக ஒழிக்க எந்த டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனாலும் முடியாது, ஏனென்றால் கமிட் நம் பக்கம், பதில் வலைப்பின்னலின் பக்கம். செய்ய முடிந்தது புள்ளிக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள நேரத்தைக் குறைப்பது. பூட்டைக் கடைசியில் எடுப்பது அதற்கும் உதவுகிறது. இழப்பதை விட இரண்டாக வருவது மேல் என்ற முடிவு சரியான முடிவு.

ஹாஷ் வைத்து ஒரே பகுதியை ஒரு முறை மட்டும் சேமிப்பதிலும் இதே கவனம் தெரிகிறது. ஒரே செய்திமடல் ஒரே நொடியில் பல இணைப்புகளில் வருகிறது என்று வையுங்கள். "இந்த முகவரி ஏற்கனவே இருக்கிறதா" என்று எல்லாரும் கேட்பார்கள், எல்லாருக்கும் "இல்லை" என்று பதில் வரும், எல்லாரும் சேர்க்கப் போவார்கள், ஒருவர் ஜெயிப்பார், மற்றவர்களுக்கு, ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற யூனிக் பிழை. இன்றைக்கு, மோதினால் பிழை இல்லாமல் சமாளிக்கும் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' இருக்கிறது. அது போஸ்ட்கிரெஸ் 9.5இல்தான் வந்தது. அதற்கு முன்னால் எழுதிய நிரல் என்பதால் ஏஓஎக்ஸ் சேவ்பாயிண்ட் போட்டுச் சேர்த்துப் பார்க்கிறது. பிழை வந்தால் சேவ்பாயிண்ட் வரை மட்டும் பின்வாங்கி, மறுபடி தேடி, மற்றவர் சேர்த்த ரோவை எடுத்துக்கொள்கிறது. மொத்த மெயிலையும் தூக்கிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லை.

ஐமேப் செஷன் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மெயில் ஆப் 'ஐடில்' (புதிய மெயிலுக்காகக் காத்திருக்கும் கட்டளை) போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இணைந்திருக்கும். அந்த நேரம் முழுக்க அதற்கு மெயில்பாக்ஸ் ஒரே நிலையில் தெரிய வேண்டும். சர்வர் எக்ஸ்பஞ்ச் (மெயில் நீங்கிவிட்டது) என்று சொல்லும் வரை வரிசை எண்கள் நகரக் கூடாது. இதைப் பார்த்ததும் தொடக்க நிலையையே காட்டும் 'ரிப்பீட்டபிள் ரீட்' டிரான்சாக்ஷன் ஒன்றைத் திறந்து வைத்தால் போதும் என்ற ஆசை வரும். வரவே கூடாத ஆசை அது. திறந்தபடி கிடக்கும் ஒவ்வொரு டிரான்சாக்ஷனும் வேக்யூமை (பயனற்ற ரோக்களை நீக்கும் வேலை) கட்டிப்போடும். பழைய ரோக்கள் நீங்காமல் டேபிள் ஊதிக்கொண்டே போகும். ஏஓஎக்ஸ் செஷனின் நிலையைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. டேட்டாபேஸுக்குச் சின்னச் சின்னக் குவெரிகளாகப் போய் உடனே வெளியே வந்துவிடுகிறது.

இந்த ஸ்கீமாவில் (டேபிள் அமைப்பில்) எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் இரண்டு உண்டு. ஆர்எஃப்சி 3501 சொல்லும் ஐமேப்பின் 'ரீசன்ட்' கொடி, எந்தச் செஷன் முதலில் பார்த்ததோ அதற்கு மட்டும் காட்ட வேண்டியது. அதை ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு ரோவாக வைத்தால் எழுதி அழித்தே சர்வர் களைத்துப் போகும். இங்கே மெயில்பாக்ஸ் ரோவில் 'ஃபர்ஸ்ட் ரீசன்ட்' என்று ஒரே எண். அந்த எண்ணிலும் அதற்கு மேலும் யூஐடி உள்ளவை எல்லாம் புதியவை. யூஐடி ஏறிக்கொண்டே போகும் என்ற உறுதி இருப்பதால்தான் இப்படி ஒரு எண்ணில் முடிகிறது. இரண்டாவது, 'சீன்' கொடி. மற்ற கொடிகள் தனியே 'ஃப்ளாக்ஸ்' டேபிளில் இருக்க, சீனும் டெலிட்டடும் மட்டும் 'மெயில்பாக்ஸ் மெசேஜஸ்' ரோவிலேயே பூலியனாக (ஆம், இல்லை என்று) இருக்கின்றன. படித்த மெயில்தான் எந்தப் பெட்டியிலும் மிக அதிகம். அதைத் தனி டேபிளில் வைத்தால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் டேபிள்களைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு பெரிய ஜாயின். தகவலைத் தனித்தனி டேபிளாகப் பிரிக்கச் சொல்லும் நார்மலைசேஷன் பாடம் படித்தவர்கள் இதைக் குறை சொல்லக்கூடும். குவெரி எப்படி வரும் என்று தெரிந்தவர் எடுத்த முடிவு என்றே நான் சொல்வேன்.

மெயிலை நீக்கினால் ரோ 'டெலிட்டட் மெசேஜஸ்' டேபிளுக்கு நகர்கிறது; யார் நீக்கினார், எப்போது, என்ன காரணம் எல்லாம் அதில் இருக்கும். 'ஏஓஎக்ஸ் அன்டெலீட்' கொடுத்தால் மெயில் திரும்பி வரும். 'ஏஓஎக்ஸ் வேக்யூம்' ஓட்டும்போதுதான், வைத்திருக்கும் காலம் கடந்தவை உண்மையில் போகின்றன. "தெரியாமல் மொத்த ஃபோல்டரையும் அழித்துவிட்டேன்" என்று ஒருவர் வந்து நிற்கும்போது பேக்கப்பைத் தேட வேண்டியதில்லை. அப்புறம், சர்வர் ஓடும் டேட்டாபேஸ் பயனர் வேறு, டேபிள்களின் உரிமையாளர் வேறு. மெயில் சர்வரில் ஏதாவது ஓட்டை விழுந்தாலும் அதன் வழியாக வருபவரால் டேபிளைத் தூக்கிவிட முடியாது.

தேடலில் என் மதிப்பீடு கலவையானது. ஐமேப் தேடல் முழுவதையும் ஒரே எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மொழி) குவெரியாக மாற்றி அனுப்புகிறது. மெயில் மெயிலாகத் திறந்து பார்ப்பதில்லை. அனுப்பியவர் பெயரில் தேடினால் முகவரி டேபிள் வழியாகப் பதில் சட்டென்று வருகிறது. ஆனால் ஐமேப் கேட்பது ஒரு சொல்லின் நடுவே உள்ள துண்டையும் கண்டுபிடிக்கும் தேடல். முன்னால் எதுவும் இருக்கலாம் என்ற 'லைக்' குவெரிக்குச் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. 'ஏஓஎக்ஸ் ட்யூன் டேட்டாபேஸ்' என்ற கட்டளையில் மூன்று நிலை இருக்கிறது: எழுதுவது அதிகம், படிப்பது அதிகம், மேம்பட்ட தேடல். கடைசி நிலையில் உரை முழுவதும் தேடுவதற்கான இண்டெக்ஸ்கள் சேரும். அதற்கு விலையாக உள்ளே வரும் ஒவ்வொரு மெயிலும் கூடுதல் எழுத்துவேலை கேட்கும்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. இப்போதைய மெயில்களில் ரிசீவ்ட், டிகிம், ஏஆர்சி என்று தலைப்பு வரிகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ரோ என்பதால் 'ஹெடர் ஃபீல்ட்ஸ்' டேபிள் வேகமாக வளரும். பெரிய இணைப்புக் கோப்புகள் டபிள்யூஏஎல்லுக்குள்ளும் (போஸ்ட்கிரெஸ் முதலில் எழுதும் பதிவேடு) போகும், டேபிளுக்குள்ளும் போகும். ரெப்ளிகா (டேட்டாபேஸின் உடனடி நகல்) வைத்திருந்தால் அங்கேயும் பயணம். மெயிலை உடைத்து உரையை யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமிப்பதால், வந்த பைட்டுகள் அப்படியே திரும்ப வேண்டும் என்று கேட்கும் இடங்களுக்கு இது ஒத்து வராது. போஸ்ட்கிரெஸோடு அதன் சொந்த நூலகமான லிப்பிக்யூ வழியாகப் பேசாமல் நெறிமுறையைத் தானே எழுதி வைத்திருக்கிறது. பதிலுக்குக் காத்து நிற்காத ஒத்திசைவற்ற முறைக்கு அது நல்லது, ஆனால் போஸ்ட்கிரெஸ் 14 முதல் கடவுச்சொல்லுக்கு ஸ்க்ராம் என்ற சரிபார்ப்பு முறை இயல்பாக வருவது போன்ற மாற்றம் ஒவ்வொன்றையும் இவர்களே சேர்த்தாக வேண்டும். புதிய பதிப்பு போஸ்ட்கிரெஸ் மேல் ஏற்றுவதற்கு முன் இணைப்பைத் தனியாகச் சோதித்துவிடுங்கள். வெளியீடுகளும் முன்பு போல அடிக்கடி வருவதில்லை. ஒரே மெயில்பாக்ஸுக்கு மழையாக மெயில் கொட்டினால், அந்த ஒரு பூட்டுக்காகக் காத்திருப்பவை டேட்டாபேஸ் இணைப்புகளின் உச்சவரம்பான 'டிபி மேக்ஸ் ஹேண்டில்ஸ்' அளவு இணைப்புகளையும் பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. எச்சரிக்கை மெயில்கள் குவியும் பெட்டி இருந்தால் அந்த எண்ணைக் கவனியுங்கள்.

மெயில்டிரோடு ஒப்பிட்டு நிறையப் பேர் கேட்பதால் அதையும் சொல்கிறேன். மெயில்டிர் டேட்டாபேஸ் இல்லாமலே டிரான்சாக்ஷன் செய்யும் நல்ல வடிவமைப்பு: டெம்ப் ஃபோல்டரில் எழுதி முடித்து, பிறகு நியூ ஃபோல்டருக்கு ஒரே அடியில் மாற்றுவது. டவ்காட் என்ற ஐமேப் சர்வர் அதன் மேல் யூஐடியைத் தனிப் பட்டியல் கோப்பில், மெயிலைக் காணும்போது கொடுக்கிறது. அதுவும் சரியான விடைதான். படிப்பதும் ஒதுக்கி வைப்பதும் மட்டும் தேவை என்றால் அதிலேயே இருங்கள். பழைய மெயில்களில் "இந்த முகவரிக்குப் போன வருடம் யார் யார் எழுதினார்கள், எந்த இணைப்போடு" என்ற மாதிரிக் கேள்விகள் வரும் இடம் என்றால், சட்டத்துக்காகவோ தணிக்கைக்காகவோ மெயிலைக் காப்பாற்றும் இடம் என்றால், ஏஓஎக்ஸை எடுத்துப் பாருங்கள். படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு பயனரை உருவாக்கி நேரடியாக எஸ்கியூஎல் போடலாம். பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவி) எடுத்தால் மெயில்கள், கொடிகள், ஃபோல்டர்கள் எல்லாம் ஒரே நொடியின் நிலையில் கிடைக்கின்றன. கோப்புகளை நகலெடுக்கும் பேக்கப்பில் அது கிடைக்காது.

எடுப்பதாக முடிவு செய்தால் பழைய மெயில்களை ஏற்றும்போது ட்யூன் நிலையை 'எழுதுவது அதிகம்' என்று வைத்து ஏற்றுங்கள். முடிந்ததும் 'படிப்பது அதிகம்' என்று மாற்றி, ஒரு முறை அனலைஸ் (டேபிள்களின் புள்ளிவிவரம் எடுக்கும் கட்டளை) ஓட்டிவிட்டு, அதற்கப்புறம் ஆட்களை உள்ளே விடுங்கள். அனலைஸ் இல்லாமல் விட்டால் குவெரிக்கு வழி தேர்ந்தெடுக்கும் பிளானர் பழைய கணக்கை வைத்துக்கொண்டு பெரிய டேபிள்களை முழுக்கப் படிக்கும். முதல் நாள் புகார்கள் பெரும்பாலும் அதில்தான் வரும்.